விளிம்பிலிருந்து பார்ப்பதும் அடியிலிருந்து பார்ப்பதும்

1540-ல் தங்க நகரங்களைத் தேடி வடக்கே வந்த கொரொனாடோவின் ஸ்பானியப் படையிலிருந்து, கார்சியா லோப்பஸ் டி கார்டெனாஸ் என்ற தளபதியும் சில வீரர்களும் ஹோப்பி இன வழிகாட்டிகளோடு கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே ஓடிய ஆறு அவர்கள் கண்ணுக்கு ஆறடி அகல ஓடையாகத் தெரிந்தது. அது பெரிய ஆறு என்று வழிகாட்டிகள் சொன்னதை அவர்களால் நம்ப முடியவில்லை. மூன்று நாள் விளிம்பிலேயே அலைந்து இறங்க வழி தேடினார்கள். உடல் இலகுவான மூன்று பேர் இறங்கிப் போய், சாயங்காலம் களைத்துத் திரும்பினார்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் போக முடிந்ததாம். மேலிருந்து ஆள் உயரம் என்று நினைத்த பாறைகள், பக்கத்தில் போனால் செவில் நகரத்துத் தேவாலயக் கோபுரத்தைவிட உயரமாக நின்றனவாம்.

இன்று அந்த விளிம்பில் போய் நிற்பவருக்கும் கண் அதே பொய்யைத்தான் சொல்கிறது. 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்று பலகையில் படிக்கலாம். படித்த பிறகும் கண்ணுக்கு அளவு பிடிபடாது. எதிர்க்கரைச் சுவர் ஒரு திரைச்சீலையில் வரைந்து தொங்கவிட்டது போலவே இருக்கும்.

அங்கிருந்து காரில் சுமார் ஐந்து மணி நேரம் வடமேற்கே போனால் யூட்டா மாநிலத்தில் ஸயான் தேசியப் பூங்கா வருகிறது. அங்கேயும் ஓர் ஆறு, அது அறுத்த ஒரு பள்ளத்தாக்கு, சிவந்த பாறைச் சுவர்கள். ஆனால் அங்கே வண்டி நம்மைப் பள்ளத்தின் அடியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆறு காலடியில் ஓடுகிறது. கையை விட்டால் தண்ணீர். சுவர்களைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் கோடை விடுமுறைக்குக் காரில் சுற்றும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்கின்றன. திரும்பி வந்து பேசும்போது, கிராண்ட் கேன்யன் பெரியது, ஸயான் அதன் சின்னத் தம்பி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் கோடையிலேயே பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அளவில் இருக்கும் வித்தியாசம் இங்கே இரண்டாம் பட்சம். பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் முதல் வித்தியாசம். வெயில், ஆபத்து, தண்ணீர், காலம் ஆகிய எல்லாமே அந்த ஒன்றைப் பொறுத்து மாறிவிடுகின்றன. கிராண்ட் கேன்யன் வேலை முடிந்த பொருளாகக் கண்முன் கிடக்கிறது. ஸயானில் வேலை நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டும் தேசியப் பூங்காவானது ஒரே ஆண்டில், 1919-ல். கிராண்ட் கேன்யன் பிப்ரவரியில், ஸயான் நவம்பரில். பரப்பில் கிராண்ட் கேன்யன் பூங்கா சுமார் 4,900 சதுர கிலோமீட்டர். ஸயான் 600-ஐக்கூடத் தொடவில்லை. ஆண்டு வருகையோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அண்மை ஆண்டுகளில் 45 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடையில். எட்டில் ஒரு பங்கு இடத்தில் அதே கூட்டம் என்றால் நெரிசல் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதனால்தான் ஸயான் பள்ளத்தாக்குச் சாலையில் 2000-ம் ஆண்டு முதல், பேருந்து ஓடும் மாதங்களில் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் வண்டியை விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். முதலில் சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். நான் மனதார வரவேற்கிறேன். அந்தக் குறுகிய பள்ளத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றால் ஆற்றின் சத்தமே காதில் விழாது.

பாறைக்கு வருவோம். கிராண்ட் கேன்யன் விளிம்பில் நம் காலடியில் இருப்பது கைபாப் சுண்ணாம்புக்கல். சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலடியில் படிந்தது. உற்றுப் பார்த்தால் கடற்பஞ்சுகளின் புதைபடிவங்கள் தெரியும். அந்தப் பள்ளத்தின் ஆகமேல் அடுக்கான இதே பாறை, ஸயான் பூங்காவின் ஆகக்கீழ் அடுக்காக அதன் வடமேற்கு மூலையில் தலைகாட்டுகிறது. ஸயானில் ஆரம்பப் பக்கமாக இருப்பது கிராண்ட் கேன்யனில் கடைசிப் பக்கம். ஸயானின் மேலடுக்குகளுக்கும் மேலே இளைய பாறைகள் படிப்படியாக ஏறி பிரைஸ் கேன்யன் வரை போகின்றன. புவியியலாளர்கள் இந்த முழு ஏற்றத்தையும் பெரும் படிக்கட்டு என்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே காரோட்டிப் போவது, பூமியின் வயதில் பழையதிலிருந்து புதியதற்கு ஏறிப்போவதற்குச் சமம்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் 2010-ல் ஒரு நடைபாதை திறந்தார்கள். தரையில் மீட்டருக்கு ஒன்றாகப் பித்தளைக் குறிகள் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போகிறோம் என்று கணக்கு. மனித குலத்தின் எழுதப்பட்ட வரலாறு முழுவதும் அந்தப் பாதையில் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நம் காலடிச் சுண்ணாம்புக்கல்லின் வயது வர 270 மீட்டர் நடக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் கறுத்துக் கிடக்கும் உருமாறிய பாறையின் வயதுக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர். இடையில் ஒரு விஷயம் என்னை ரொம்பவும் நிறுத்தி யோசிக்க வைத்தது. சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள மணற்கல், பல இடங்களில் 170 கோடி ஆண்டு வயதுள்ள அந்தக் கறுப்புப் பாறைமேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. நடுவே 120 கோடி ஆண்டுகளுக்கு உரிய பாறை காணவில்லை. படிந்ததெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. விளிம்பில் நின்று தூரத்தில் பார்த்தால் அது ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஸயானின் சுவர்களான நவஹோ மணற்கல்லை அந்தப் பித்தளைப் பாதையில் தேடினால் சுமார் 180-வது மீட்டரில் வைக்க வேண்டும். கிராண்ட் கேன்யனில் அந்த வயதுப் பாறை இல்லை. ஒரு காலத்தில் அதன் மேலேயும் இருந்து, அரிப்பில் போய்விட்டது. ஸயானில் அது 600 மீட்டர் தடிமனுக்கு நிற்கிறது. அது கடலடியில் படிந்ததல்ல. சகாராவுக்கு ஈடான ஒரு பாலைவனத்தின் மணல் மேடுகள் அப்படியே கல்லானவை. அந்த மணலில் கணிசமான பங்கு கண்டத்தின் மறுகோடியில் உள்ள அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகளும் காற்றும் கொண்டு வந்தது என்று, மணலுக்குள் இருக்கும் ஸிர்கான் மணிகளின் வயதை வைத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூங்காவின் கிழக்கு வாசல் அருகே செக்கர்போர்டு மேசா என்ற குன்று இருக்கிறது. குறுக்கே ஓடும் சாய்வான வரிகள் பழைய மணல் மேடுகளின் சரிவுகள்; நெடுக்கே ஓடும் வெடிப்புகள் பனியும் வெயிலும் மாறி மாறிப் பிளந்தவை. ஒரு மேட்டின் சரிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதன் மேல் வந்து படிந்த அடுத்த மேட்டின் சரிவு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தக் காலத்தில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று கல்லைப் பார்த்தே சொல்லலாம். சாலையோரப் பாறையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் கையில் மணல் ஒட்டும். மறுபடியும் மணலாகத் திரும்ப அதற்கு அவ்வளவு சின்ன உந்துதல் போதும்.

கிராண்ட் கேன்யனில் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும், இறங்கினால். பிரைட் ஏஞ்சல் பாதையிலோ தெற்குக் கைபாப் பாதையிலோ ஒரு மணி நேரம் இறங்கினாலே ஒவ்வோர் அடுக்கும் தோளை உரசிக்கொண்டு நிற்கும். ஆனால் வருகிற லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் விளிம்பிலேயே சில மணி நேரம் நின்று, படம் எடுத்து, அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோடை வெயிலில் இறங்காமல் இருப்பது பலருக்குப் புத்திசாலித்தனம்தான். ஆனால் அரை மணி நேரமாவது இறங்கி ஏறாதவர், கார்டெனாஸின் ஆட்கள் முதல் நாள் பார்த்ததைத்தான் பார்த்திருக்கிறார்.

ஏனென்றால் விளிம்பு, பள்ளத்தைக் காட்டிப் பள்ளத்தை வெட்டிய ஆற்றை மறைத்துவிடுகிறது. தெற்கு விளிம்பின் பல இடங்களிலிருந்து கொலராடோ ஆறு கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் ஒரு பச்சை நூல். பச்சையாக இருப்பதும் அதன் இயல்பு அல்ல. 1963-ல் மேலே கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்படும்வரை அது வண்டல் சுமந்து செம்மண் நிறத்தில் ஓடியது. இப்போது வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து குளிர்ந்த தெளிந்த நீர் வெளிவருகிறது. பெரிய மழைக்குப் பிறகு கிளையாறுகள் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும்போது மட்டும் பழைய நிறம் சில நாள் திரும்பும். பள்ளத்தை அறுத்த அந்த முரட்டு ஆற்றை இன்று அங்கே போய்ப் பார்க்க முடியாது. மின்தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஆறு ஒன்று அதன் இடத்தில் ஓடுகிறது.

ஸயானின் வர்ஜின் ஆறு, கோடையில் பார்த்தால், இதுவா இந்தச் சுவர்களை அறுத்தது என்று கேட்கத் தோன்றும். முழங்கால் அளவு தண்ணீர். குழந்தைகள் கல்லைப் புரட்டி விளையாடுகிறார்கள். ரகசியம் சரிவில் இருக்கிறது. கொலராடோ தன் பள்ளத்தில் கிலோமீட்டருக்குச் சராசரி ஒன்றரை மீட்டர் இறங்குகிறது. வர்ஜின் பத்து மீட்டருக்கு மேல். பள்ளத்தாக்குக்கு மேலே அதன் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும் பெரிய அணையும் கிடையாது. மழை கொட்டினால் அது காட்டாறு. ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் மண்ணையும் கல்லையும் அது அள்ளிப்போவதாகச் சொல்கிறார்கள். கிராண்ட் கேன்யனை கொலராடோ அறுக்க ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகள் ஆயின. ஸயான் பள்ளத்தாக்கின் ஆழத்தில் சுமார் பாதி கடந்த பத்து லட்சம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது.

அந்த அடிநிலம் ஏன் சமதளமாக, பேருந்து ஓடும்படி இருக்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் சென்டினல் மலையின் ஒரு பக்கம் சரிந்து ஆற்றை அடைத்தது. அடைப்புக்குப் பின்னால் ஓர் ஏரி உருவாகி, சுமார் 700 ஆண்டுகள் இருந்து, வண்டலால் நிறைந்துபோனது. அந்த ஏரியின் படுகையில்தான் இன்று காட்டன்வுட் மரங்களும் புல்வெளியும் மான்களும். எகிப்தியப் பிரமிடுகளுக்குச் சற்று முந்தைய சங்கதி இது. கிராண்ட் கேன்யன் விளிம்பில் கோடிகளில் பேசிவிட்டு வருபவருக்கு, இங்கே காலம் திடீரென்று மனிதக் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

காட்டன்வுட் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாலையையும் கட்டடங்களையும் காப்பாற்ற 1930-களில் ஆற்றின் கரைகளைக் கல்லடுக்கிக் கட்டினார்கள். ஆறு ஒரே தடத்தில் அடங்கிவிட்டது. இந்த மரத்தின் விதை முளைப்பதற்கு வெள்ளம் புதிதாகப் பரப்பிய ஈர வண்டல் வேண்டும். அது கிடைக்காததால், இப்போது நிழல் தரும் பெரிய மரங்கள் முதுமையடைய, அவற்றின் இடத்துக்குப் போதிய கன்றுகள் வரவில்லை. ஆக, கட்டுப்படாத ஆறு என்று நான் புகழ்வதும் பாதி உண்மைதான். இரண்டு ஆறுகளிலும் மனிதன் கைவைத்திருக்கிறான், ஒன்றில் அணையாக, இன்னொன்றில் கரையாக.

கோடை வெயில் இந்த இரண்டு இடங்களிலும் நேர் எதிராக வேலை செய்கிறது. தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில்கூடப் பகல் வெப்பம் சுமார் 29 டிகிரி செல்சியஸ்தான், இரவில் போர்வை வேண்டும். பொண்டரோசா பைன் நிழலில் நின்றுகொண்டு, இது பாலைவனமா என்று கேட்கலாம். கீழே ஆற்றங்கரையில் அதே நேரம் 41 டிகிரி. அதாவது இறங்க இறங்க வெயில் ஏறுகிறது. மலையேறுபவர் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே களைப்பு தெரிய ஆரம்பிக்கும்போது முழு ஏற்றமும் பாக்கி இருக்கும். இறங்குவது உங்கள் இஷ்டம், ஏறுவது கட்டாயம் என்பது அங்குள்ள ரேஞ்சர்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை பள்ளத்துக்குள் நடக்காதீர்கள், ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்பப் பார்க்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யாவிட்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். பையில் உப்புப் போட்ட கடலையோ முறுக்கோ இருக்கட்டும்.

ஸயானில் அடிநிலமே சுமார் 1,200 மீட்டர்தான். ஜூலையில் 38 டிகிரி சர்வசாதாரணம். வண்டியை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்துவிடும், ஏமாற்றாது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் போன்ற ஏற்றங்களில் முதலில் ஏறி, களைத்தால் இறங்கலாம். உடல் தன் கணக்கைத் தானே சொல்லிவிடுகிறது. அங்கே ஏமாற்றுவது வேறொன்று: வானம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர்வரை இந்தப் பாலைவனத்துக்கும் ஒரு பருவமழை உண்டு. பிற்பகலில் இடியோடு கொட்டும். பூங்காவின் புகழ்பெற்ற நடை, நேரோஸ் என்ற இடுக்கில் ஆற்றுக்குள்ளேயே நடப்பது. சுவர்கள் 300 மீட்டர் உயரம். மிகக் குறுகிய இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஆறேழு மீட்டர்தான். பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆறுதான் பாதை. கையில் கோல், காலில் நனைந்தாலும் கழலாத ஷூ. தண்ணீருக்கு அடியில் வழுவழுப்பான உருண்டைக் கற்கள். ஒவ்வோர் அடியையும் கோலால் தட்டிப் பார்த்து வைக்க வேண்டும். தலைக்கு மேலே தெரியும் வானம் ஒரு கீற்று. அந்தக் கீற்று நீலமாக இருக்கும்போதே, பல கிலோமீட்டர் தள்ளி மேட்டுநிலத்தில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடலாம். மேலே வெறும் பாறை. தண்ணீரை உறிஞ்ச மண் இல்லை. தெளிந்த நீர் கலங்குவது, சுள்ளிகள் மிதந்து வருவது, சத்தம் மாறுவது ஆகியவை தெரிந்தால் அந்த நொடியே மேடேற வேண்டும். 2015 செப்டம்பரில் இந்தப் பூங்காவின் கீஹோல் என்ற இன்னொரு குறுகிய பிளவில் இறங்கிய 7 பேரும் இப்படியொரு வெள்ளத்தில் இறந்தார்கள். விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் ஆறு ஓடினால் நேரோஸை மூடிவிடுவார்கள். மேட்டூரில் ஆயிரக்கணக்கில் கன அடி படித்துப் பழகிய நமக்கு 150 சொற்பமாகத் தெரியும். ஏழு மீட்டர் இடுக்கில் அது ஆளைத் தள்ளிவிடும்.

இரண்டு இடங்களையும் இணைக்கும் சாலையே ஒரு காட்சிதான். தெற்கு விளிம்பிலிருந்து கிழக்கே போய் நவஹோ மக்களின் நிலத்தில் கேமரனில் இறங்கி, வலப்பக்கம் எக்கோ செங்குத்துகளைப் பார்த்தபடி வடக்கே ஓட்ட வேண்டும். மார்பிள் கேன்யனில் கொலராடோவைக் கடக்கும் நவஹோ பாலத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். 1929-ல் கட்டிய பழைய பாலம் இப்போது நடப்பவர்களுக்கு. வண்டிகளுக்கு 1995-ல் பக்கத்திலேயே இன்னொன்று கட்டினார்கள். பாலத்தின் இரும்புச் சட்டங்களில் கலிபோர்னியா காண்டர் கழுகுகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சிறகை விரித்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். 1982-ல் உலகத்திலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்த பறவை. எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1996-ல் பக்கத்து வெர்மிலியன் செங்குத்துகளில் திரும்பப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொன்றின் சிறகிலும் எண். வேட்டையாடியவர்கள் விட்டுப்போன இரையில் உள்ள ஈயக்குண்டுத் துகள்கள் இன்றும் அவற்றுக்குப் பெரிய நஞ்சு. இந்தத் திட்டத்தின் ஆயிரமாவது குஞ்சு 2019-ல் ஸயானின் செங்குத்துச் சுவர் ஒன்றில் பொரித்தது. நாம் நாள் முழுக்கக் காரோட்டிச் சேர்த்துப் பார்க்கும் இரண்டு பள்ளங்களும் அந்தப் பறவைக்கு ஒரே வீடு.

கிராண்ட் கேன்யனை நெருங்கும்போது எந்த முன்னறிவிப்பும் இருக்காது. சமதளமான காட்டுச் சாலை, மரங்கள், பிறகு தரை இல்லை. ஸயானுக்கோ கிழக்கிலிருந்து வந்தால் ஒரு சுரங்கவழி. 1930-ல் திறந்த அது 1.8 கிலோமீட்டர் நீளம். செங்குத்துச் சுவரின் உட்புறமாகவே குடைந்து, வெட்டிய கல்லை வெளியே தள்ளப் பக்கவாட்டில் சாளரங்கள் விட்டிருக்கிறார்கள். இருட்டில் ஓட்டும்போது அந்தச் சாளரங்களில் பள்ளத்தாக்கு துண்டு துண்டாக மின்னி மறையும். வெளியே வந்ததும் வளைந்து வளைந்து அடிக்கு இறங்குகிறோம். இரண்டு வரவேற்புகளில் எனக்கு இதுதான் பிடித்தது. பள்ளத்துக்குள் நுழைகிறோம் என்பதை உடம்பு உணர்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவரைக் கிராண்ட் கேன்யன் வரைபடம் திகைக்க வைக்கும். விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில், ராமர் சந்நிதி என்றெல்லாம் குன்றுகளுக்குப் பெயர். 1882-ல் இந்தப் பகுதியின் புவியியலை எழுதிய கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்தக் கோபுர வடிவங்களுக்குப் பெயரிடக் கிழக்கு நாட்டுத் தெய்வங்களை நாடினார். பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். அடியில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பாறைக்கே விஷ்ணுவின் பெயர்தான். ஸயானில் மார்மன் குடியேறிகளும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் பெயர் வைத்தார்கள்: தமிழ் விவிலியத்தின் சீயோன், ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபு என மூன்று சிகரங்கள், வெள்ளைச் சிங்காசனம். இரண்டு இடங்களிலும், அங்கேயே வாழ்ந்த மக்களைக் கேட்டு வைத்த பெயர்கள் அல்ல இவை. ஸயான் 1909-ல் முதலில் பாதுகாக்கப்பட்டபோது தெற்குப் பயூட் மக்களின் சொல்லான முகுந்துவீப் என்ற பெயரைத்தான் தாங்கியிருந்தது. வருகிறவர்கள் வாயில் நுழையாது என்று அது பத்தாண்டுக்குள் எடுக்கப்பட்டது. கிராண்ட் கேன்யனில் ஹவசுப்பாய் மக்களுக்கு 1882-ல் வெறும் 518 ஏக்கர் விட்டுவைத்தார்கள். சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைக்க 1975 ஆனது. பிரைட் ஏஞ்சல் பாதையின் நடுவே, அவர்கள் பயிர் செய்து வெளியேற்றப்பட்ட ஊற்றுத் தோட்டம், 2022-ல்தான் ஹவசுப்பாய் தோட்டம் என்று பெயர் பெற்றது. பள்ளத்தின் பக்கக்கிளை ஒன்றில் அவர்களுடைய சுப்பாய் கிராமம் இன்றும் இருக்கிறது; தபால் கோவேறு கழுதை முதுகில் போகிறது.

இரண்டு இடங்களும் உண்மையில் ஒன்றாகும் இடம் தண்ணீர். தெற்கு விளிம்பில் குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பும்போது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். எதிர்க்கரையான வடக்கு விளிம்பில் பெய்த பனியும் மழையும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, ஆயிரம் மீட்டர் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றாகப் பீறிடுகின்றன. 1960-களில் தொடங்கிப் போட்ட குழாய் அந்த நீரைப் பள்ளத்தின் அடிவழியாகக் கொண்டுவந்து, இந்தக் கரைக்கு ஏற்றுகிறது. குழாய் பழசு, அடிக்கடி உடைகிறது, மாற்றும் பணி நடக்கிறது. வடக்கு விளிம்பின் புகழ்பெற்ற விடுதி 2025 ஜூலையில் காட்டுத்தீயில் எரிந்துபோனது தெரிந்திருக்கும். அந்த எரிந்த மேட்டுநிலத்திலிருந்துதான் தெற்கே லட்சக்கணக்கானோர் குடிக்கும் நீர் வருகிறது. விளிம்பில் நிற்பவருக்கு இந்தப் பயணத்தில் ஒரு துளியும் கண்ணில் படாது.

ஸயானில் இதே வேலையைக் கண்ணெதிரே பார்க்கலாம். வீப்பிங் ராக் என்ற குடைவான பாறையின் கீழே நின்றால் தலைமேல் தண்ணீர் சொட்டும். மேலே விழுந்த மழை நவஹோ மணற்கல்லின் நுண்துளைகளில் மெல்ல இறங்குகிறது; அடியில் கயன்டா என்ற களிப்பாறை அடுக்கு அதைக் கீழே விடாததால் பக்கவாட்டில் நகர்ந்து சுவர் வழியே வெளியேறுகிறது. மண்பானை வெளிப்புறம் வேர்க்கும் அதே விதம்தான், ஆனால் இந்த நீரில் ஒரு பகுதி பாறைக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்து வருவது. சொட்டும் இடமெல்லாம் பெரணியும் பாசியும் பூச்செடிகளும் தலைகீழாகத் தொங்குகின்றன. இப்படி ஈரம் கசியும் சுவர்களில், உலகில் வேறெங்கும் இல்லாத, குண்டூசித் தலையளவு நத்தை ஒன்று ஒட்டி வாழ்கிறது. நாற்பது டிகிரி வெயிலில் ஒரு பாலைவனத்தின் நடுவே அந்தக் குளிர்ந்த சொட்டு புறங்கையில் விழும்போது, பள்ளத்தாக்கு எப்படி அகலமாகிறது என்பதற்கும் விடை கிடைக்கிறது. இந்தக் கசிவு அடியில் உள்ள மென்மையான களிப்பாறையை அரிக்கிறது. தாங்கல் போனதும் மேலே உள்ள மணற்கல் பாளம் பாளமாக உடைந்து விழுகிறது. ஆறு ஆழமாக்குகிறது, கசிவு அகலமாக்குகிறது. கிராண்ட் கேன்யனின் 29 கிலோமீட்டர் அகலத்தையும் ஆறு மட்டும் செய்யவில்லை. பக்கச் சுவர்கள் இப்படி உடைந்து உடைந்துதான் விலகின. விளிம்பில் நின்றபோது எனக்குப் புரியாத அந்த அகலம், ஸயானில் ஒரு சொட்டு நீருக்குக் கீழே நின்றபோதுதான் புரிந்தது.

அதனால் இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் ஸயான் பக்கம்தான் சாய்வேன், அழகுக்காக அல்ல, அது விளக்குகிறது என்பதற்காக. ஆனால் விளக்கத்துக்கு முன் கேள்வி வேண்டும். அந்தக் கேள்வியைக் கிராண்ட் கேன்யனைப் போல் எழுப்ப வேறு இடம் இல்லை. வரிசையும் அப்படியே அமைந்தால் நல்லது. லாஸ் வேகஸில் கார் எடுப்பவர்கள் ஸயான் பக்கம் என்று முதலில் அங்கே போய்விடுகிறார்கள். முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தெற்கு விளிம்பு. ஓர் இரவு தங்கி, மறுநாள் விடிவதற்குள் கிளம்பி, பத்து மணிக்குள் ஏறிவிடும் அளவுக்கு இறங்கிப் பாருங்கள். பிறகு பாலம், காண்டர், சுரங்கவழி, ஸயான்.

இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தைப் பார்க்க முடியாது என்பது ஒரு குறைதான். 1869-ல் கொலராடோவில் முதன்முதலாகப் படகில் இந்தப் பள்ளத்தைக் கடந்த, ஒற்றைக் கையரான ஜான் வெஸ்லி பவல், மே மாதம் பத்துப் பேராகக் கிளம்பி ஆகஸ்ட் 30-ம் தேதி ஆறு பேராக வந்து சேர்ந்தது வர்ஜின் ஆற்றின் முகத்துவாரத்துக்குத்தான். அங்கே சிலர் ஆற்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பவல் குழுவினரின் உடைந்த சாமான்கள் ஏதாவது மிதந்து வருகின்றனவா என்று கவனிக்கச் சொல்லி அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. அந்த முகத்துவாரத்தை 1930-களில் ஹூவர் அணையின் மீட் நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிட்டது. நேரோஸில் உங்கள் முழங்காலைத் தாண்டிப்போகும் தண்ணீரில் வழியில் வயல்களும் ஊர்களும் எடுத்ததுபோக மிஞ்சுவது, அந்தத் தேக்கத்தில் கொலராடோவோடு கலந்து லாஸ் வேகஸ் குழாய்களுக்கும் போகிறது. நேரோஸுக்குக் கிளம்பும் காலையில் பார்வையாளர் மையத்தின் பலகையில் அன்றைய கன அடியையும் வெள்ள எச்சரிக்கையையும் படித்துவிட்டு இறங்குங்கள். மூடியிருந்தால் அன்று பேருந்தில் போகலாம்; சுவர்கள் அங்கே இன்னும் உயரம்தான்.